அளக்காத மூன்று வாரம்

எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வரைபடமெல்லாம் போட்டுத் தருபவர் ஓர் அக்கா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கோட்டக்கா’. போன மாதம் கிருமி அளக்கும் கருவி மூன்று வாரம் பழுதாகிக் கிடந்தது. அளவே எடுக்காத அந்த நாட்களின் இரு முனைகளையும் கணினி வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்துவிட்டது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அக்காவும் விட்டுவிட்டார். வாசல் பலகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அக்காவின் தங்கையும் காய்ச்சாமலே குடிக்கக் கொடுத்தாள். இப்போது தங்கை மகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

இன்று காலை அக்கா அந்தக் கோட்டை நீக்கி, இடத்தைக் காலியாக விட்டு, ‘அளவு எடுக்கவில்லை’ என்று எழுதி மேலாளரிடம் நீட்டினார்.

“என்னம்மா இது, பல்லு போன வாய் மாதிரி? இத வெளிய வச்சா உங்க வேலைக்குத்தான் ஆபத்து.”

“போனா போகட்டும் சார். அளக்காத தண்ணிக்குக் கோடு போட்டவ நான்தான்.”

“தெரியாமதான நடந்துச்சு?”

“என் தங்கச்சிகிட்ட அதையா போய்ச் சொல்லச் சொல்றீங்க?”

மேலாளர் கையெழுத்துப் போடவில்லை. அக்கா தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பழைய படத்தைக் கழற்றினார். புதியதைப் பலகையில் வைத்துக் குண்டூசியை எடுத்தார். நான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.