மலைக்கு வாங்கிய வலை

மன்னார்த் தீவின் கீரிக் கிராமத்தில் எங்கள் வளவின் பின்பக்க வேலி, கம்பி வளையங்களைக் கோத்த ஒரு பெரிய வலை. மலைச்சரிவில் உருண்டு வரும் கல்லைத் தாங்கச் செய்தது. இந்தத் தீவில் மலையே இல்லை. நான்தான் அதைக் கொண்டுவந்தேன்.

அப்போது மலைநாட்டு வீதியொன்றில் பொறியியலாளராக இருந்தேன். சரிவில் தூண்கள் நட்டு, இடையில் இத்தகைய வலைகளைக் கட்டினோம். சுவரைப்போல விறைத்து நிற்காமல், கல் மோதும்போது தொய்ந்துகொடுத்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்தபோது ஒரு துண்டு எஞ்சியது. எஞ்சியது என்பதும் பொய். கிழிந்தால் மாற்றுவதற்கென்றே களஞ்சியத்தில் வைத்திருந்தது. மன்னாருக்கு வெறுமையாகத் திரும்பிய லொறியில் ஏற்றிவிட்டேன்.

இறக்கியபோது மனைவி சிரித்தாள்.

"மலையை மறிக்கிற வலையால தெருக் கழுதையை மறிக்கப் போறியளோ?"

"உன்ர முருங்கைக் கண்டுகள் தப்பட்டும்," என்றேன்.

அந்த மலை வீதியில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி சோளம் அவித்து விற்றாள். வாகனங்கள் நிறுத்த வசதியான இடம் வலைக்கு நேர் கீழேதான் இருந்தது.

"இங்க வந்து கடை போட்டுக்கவா தொர?" என்று கேட்டாள்.

"இனிப் பயமில்லை, போடுங்கோ," என்று சொன்னவன் நான்.

அடுத்த மழையில் ஒரு பாறை வந்து விழுந்தது. வலை அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நடுவில் பெரிதாகக் கிழிந்துவிட்டது. மாற்றுத் துண்டு இருந்திருந்தால் உடனே மாட்டியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று கந்தோரில் மேலதிகாரிகளிடம் சொல்லி வைத்தேன். அவள் மறுபடி வந்தாள்.

"வல கிழிஞ்சு கெடக்கே தொர. பழைய எடத்துக்கே போயிறவா?"

அவளை அங்கிருந்து எழுப்பினால் கந்தோரில் ஏன் என்று கேட்பார்கள். களஞ்சியத்தில் இருந்த வலை எங்கே என்பது அடுத்த கேள்வியாக இருக்கும்.

"தேவையில்லை. புது வலை வருகுது," என்றேன்.

கல் முந்திக்கொண்டது. அந்தக் கிழிசலின் வழியாகவே வந்தது. சோளம் அடுப்பில் வெந்துகொண்டிருக்க, அவள் செத்துப்போனாள்.

விசாரித்தவர்கள் மழையைக் காரணம் சொன்னார்கள். நானும் ஓம், மழைதான் என்றேன். கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும், அரசாங்கச் சாமான் ஒன்றை எடுத்தேன் என்று மட்டும் சொல்லி, அவர் பரிகாரமாகத் தந்த செபங்களைச் சொல்லி முடித்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை, அவளுடைய வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே அங்கே போனேன். அதே இடத்தில் அவளுடைய மகள் சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே தாய்தான். நான் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"பயப்படாம உக்காருங்க ஐயா. புது வலை கட்டியிருக்காங்க."

உப்பும் மிளகாயும் தடவித் தந்தாள். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மனைவிக்கும் சொல்லவில்லை. அந்த வேலியில் அவள் பாகல் கொடி படரவிட்டிருக்கிறாள். கடற்காற்றுக்கும் கறள் பிடிக்காத கம்பி என்று அவளுக்குப் பெருமை. நேற்றும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அதைத் தட்டிக் காட்டினாள்.

"மலைக் கல்லையே தாங்குமாம். இவர் கொண்டுவந்தது."