பன்னிரண்டாவது நடை

அன்றைக்குக் குளக்கரையில் நின்றது யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் என்னோடு மூடை தூக்குகிற ஆட்கள். வெங்காயக் கமிஷன் கடை அண்ணாச்சி. மற்ற கடைக்காரர்கள் நாலைந்து பேர். லாரி டியூபோடு தண்ணீரில் இறங்கி நின்ற டெம்போ டிரைவர். என் வீட்டுக்காரி. பிள்ளையின் அப்பா, அவனும் எங்கள் செட்டில் மூடை தூக்குகிறவன்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை. ஆறு வயதுப் பெண்.

பிள்ளைக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் போனால் இரண்டு கண்ணையும் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களால் முடிந்ததைப் போட்டோம். குற்றாலத்தில் போய் உண்டியல் குலுக்கினோம். அருவியில் குளிக்க வருகிறவன் இடுப்பில் துண்டோடு வருவான், காசோடு வரமாட்டான். அது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்தது மூடை தூக்குவதும் நீந்துவதும். தென்காசிப் பக்கத்துக் குளத்தில் கரைக்குக் கரை இருபது நடை நீந்துகிறேன், நடைக்கு இவ்வளவு என்று கடைக்காரர்கள் போடட்டும் என்றேன். லாரியிலிருந்து கடைக்கு ஒரு மூடை போய்ச் சேர்ந்தால் அது ஒரு நடை. எங்களுக்கு அந்தக் கணக்குதான் வரும்.

"ஏலே, வெண்டைக்கா மூடைன்னா மிதக்கும். நீ மிதப்பியாலே?" என்றார் அண்ணாச்சி.

"முங்கிட்டான்னா பாதி வெலைக்கு எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான் டெம்போ டிரைவர்.

சிரித்தார்கள். ஒத்துக்கொண்டார்கள்.

குற்றாலச் சீசனில்தான் குளத்தில் தண்ணீர் கிடக்கும் என்று ஆடியில் நாள் வைத்தோம். அது தப்பு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை யாரும் நினைக்கவில்லை. நான் கிணற்றில் நீந்திப் பழகியவன். கிணற்றில் காற்று கிடையாது. கிழக்கே போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போனது. மேற்கே திரும்பினால் அலை வாயில் அறைந்தது. பன்னிரண்டாவது நடை மேற்கே வருகிற நடை. நடுக்குளத்தில் கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. டிரைவர் டியூபைத் தள்ளிக்கொண்டு வந்தான், அதைப் பிடித்துவிட்டேன்.

கரைக்கு இழுத்து வந்தார்கள். அண்ணாச்சி தன் துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார்.

"போதும்லே, சாவாத. இருபது நடைன்னே வச்சுக்குவோம். எல்லாக் கடையும் இருபதுக்கும் தரும். நான் சொல்லுதேன்."

பிள்ளையின் அப்பா முன்னால் வந்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி. பாதியில எறக்குன மூடைக்கு நாங்க கூலி வாங்குததில்ல."

"கிறுக்குப்பயலே, இது என்ன வெங்காயமாலே? ஒம் புள்ள கண்ணுலே!"

"அதான் சொல்லுதேன். அவ பேருல ஓசி வேண்டாம். பதினோரு நடைக்குக் குடுங்க."

"வாங்கிக்கிடச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரி காதில் சொன்னாள். நான் பேசவில்லை. எங்கள் செட்டில் ஒருத்தரும் பேசவில்லை. அவன் சொன்னதுதான் எங்கள் வழக்கம். இரக்கப்பட்டுக் கொடுக்கிற காசை ஒரு நாள் வாங்கிவிட்டால் மறுநாள் கூலி பேச வாய் இருக்காது.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினோரு நடைக்குக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். மற்ற கடைக்காரர்களும் அப்படியே.

மீதிப் பணம் சேர்வதற்குள் ஐப்பசி போய் தை வந்துவிட்டது. அப்புறம்தான் விமானம் ஏறினார்கள். பங்குனியில் திரும்பினார்கள்.

"அங்கன உள்ள டாக்டர் கேக்காரு, ஏன் இவ்வளவு பிந்தி வந்தீங்கன்னு" என்றான் பிள்ளையின் அப்பா. இப்போது ஒரே லாரியில் நின்று மூடை மாற்றினாலும் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனை நான் குறை சொல்லமாட்டேன். மீதி நடையை நான் நீந்தியிருந்தால் அன்றைக்குக் கரையில் அவன் வேண்டாம் என்று சொல்லவே வேண்டியிருக்காது.

போன வாரம் பிள்ளை மார்க்கெட்டுக்கு வந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள்.

"மாமா, வெரலக் காட்டுங்க. நான் எண்ணிச் சொல்லுதேன்."

அவள் முகத்துக்கு நேரே நாலு விரலை நீட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டு."