பூட்டிய அலமாரியில் நெஞ்சுவலி மாத்திரை

நெஞ்சு நோய்க்காரி ஒருத்தி தன் மாத்திரையை வாங்க தினமும் நூற்று நாற்பத்தாறு படி இறங்கி, அதே படிகளைத் திரும்ப ஏற வேண்டும் என்று எங்கள் எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. படிகளை எண்ணியவன் நான். பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு என்ன தெரியும்?

நோய்க்காரி என் மனைவி. எழுபதுகளின் நடுவில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து எடுத்தாள். நான் ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். ஒரு நாள் எடை போடுகிற இடத்தில் கொழுந்துச் சாக்கை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்றாள். கொழுந்து லாரியிலேயே படுக்கவைத்து மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தோம்.

கிளம்பும்போது டாக்டர் எனக்காக மெதுவாகச் சொன்னார். "உப்பு கொறைக்கணும். பொகையில தொடவே கூடாது. சொமடு எடுக்கக் கூடாது, ஏத்தம் ஏறக் கூடாது. இந்தக் குளிக காலையில தினம் ஒண்ணு. சுகமாயிட்டுதுன்னு நிறுத்தக் கூடாது. இந்தச் சின்னது, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கணும். இது எப்பவும் கையில இருக்கணும்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவை என்றேன். சிரித்துவிட்டார்.

"இந்த மனுசன் கேக்குற கேள்வியில எனக்கு நெஞ்சு வலி போயி தலவலி வந்துரும் டாக்டர்" என்றாள் அவள்.

எஸ்டேட்டுக்கு வந்ததும் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் இரண்டு மாத்திரைக் குப்பிகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாத்திரை எதுவும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீட்டில் இருக்கக் கூடாதாம். நோயாளி தினமும் நேரில் வந்து அவர் கண்முன்னால் விழுங்க வேண்டுமாம். காரணமும் சொன்னார். முன்பு யாருக்கோ கொடுத்த மாத்திரையை லயத்தில் ஆளுக்கொன்றாகப் பங்கு வைத்துத் தின்றுவிட்டார்களாம். அது பொய்யில்லை. எங்கள் லயத்தில் ஆறு வீடு, இடையில் பாதிச் சுவர். குழம்பும் பங்கு, அம்மியும் பங்கு, தைலமும் பங்கு. மருந்து மட்டும் எப்படித் தனியாக இருக்கும்?

"ஏத்தம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்களே."

"மெல்ல ஏறட்டே" என்றார் அவருடைய மலையாளத்தில்.

"நான் வந்து வாங்கிட்டுப் போறேன்."

"நினக்கா அசுகம்? அவளுக்கல்லே?"

"நடுவழியில வலி வந்தா?"

"வந்நா, இவிட வந்து வாங்ஙட்டே. நியமம் எல்லாவர்க்கும் ஒண்ணாணு."

வலி வந்தவள் படியிறங்கி வந்து, வலிக்கான மாத்திரையை வாங்கிக்கொள்ள வேண்டும்! படித்த மனுஷன், வெள்ளைக் கோட்டுப் போட்டவன் சொல்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அன்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கும்பிடை நினைத்தால் கம்பவுண்டர் மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம் அதிகம்.

வீட்டில் வேறு போர். உப்பைக் குறைத்தேன், கருவாட்டுச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். அடுத்த வீட்டுக்காரி பாதிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. அண்ணே மயினியவே குப்பையில சேத்தாச்சு" என்று கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் நீட்டுவாள். என் முதுகு திரும்பினால் கிண்ணம் காலியாகிவிடும்.

புகையிலை அதைவிட மோசம். அவளுக்கு நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்புகிற வேலை போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அங்கே அட்டை மொய்க்கும். நனைத்த புகையிலையைத் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டுதான் பெண்கள் இறங்குவார்கள்.

"வாயில போடலையே, காலுக்குத்தான தடவுறேன்" என்பாள்.

"வாய் சிவந்திருக்கே?"

"காலுக்குத் தடவுனா வாய் சிவக்காதா?" என்று என்னிடமே கேட்பாள்.

சுண்ணாம்பையும் காரச் சோப்பையும் குழைத்து ஒரு டப்பாவில் கொடுத்தேன். அட்டைக்கு அதுவும் ஆகும். முடிச்சை அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தினமும் காலையில் அவளுக்கு இரண்டு படி பின்னால் நானும் இறங்கி, நானும் ஏறுவேன். "செத்த வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பின்னாடி வராதீங்க" என்று திட்டுவாள். ஆடி மழை கொட்டிய ஒரு காலையில், திரும்பி ஏறும்போது தொண்ணூற்று இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வீட்டுக்காரி மேலே இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் மடியில் இவளைச் சாய்த்துவிட்டு ஓடினேன். கம்பவுண்டர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கிளாஸை வைத்தார். சாவியைத் தேடினார். அலமாரியைத் திறந்தார். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ரெஜிஸ்டரைப் புரட்டி, "இவிட ஒரு ஒப்பு" என்றார். அவள் படியில் கிடக்கிறாள், இவருக்குக் கையெழுத்து வேண்டுமாம்! குப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஜென்மத்தில் நான் யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை.

நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன். மழையில் மூன்று பேரும் நனைந்துகொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. அவள் பேசிய முதல் வார்த்தை: "செருப்ப எங்க விட்டீங்க?"

குப்பியை நான் திருப்பித் தரவில்லை. மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தொரை ஏதோ இங்கிலீஷில் சொல்ல, கிளார்க் மலையாளத்தில் ஒரு தாள் எழுதினார். மருந்து வீட்டில் இருப்பதால் என்ன நடந்தாலும் எஸ்டேட் பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு. மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மருந்து வீட்டில் இல்லாததால் அவள் படியில் செத்திருந்தால் யார் பொறுப்பு? அப்படி ஒரு தாளை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இரண்டு குப்பியும் கைக்கு வந்து பத்து நாள் ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் லயத்தில் கூச்சல். அடுத்த வீட்டுக்காரி வாசலில் மயங்கிக் கிடந்தாள். பின்மண்டை வலிக்கிறது, கிறுகிறுப்பாக வருகிறது என்றாளாம். என் மனைவி அந்தச் சின்ன மாத்திரையில் ஒன்றை எடுத்து அவள் நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறாள்; அதற்குப் பிறகுதான் சாய்ந்துவிட்டாளாம்.

"அறிவிருக்கா ஒனக்கு?"

"மழையில என்னைய மடியில போட்டுக் காத்தவ அவ. வலிக்குதுங்கிறா. குப்பிய ஒளிச்சு வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

அடுத்த வீட்டுக்காரியை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மாத்திரை விஷயத்தைச் சொல்லாதே, குப்பியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று லயமே பின்னாலிருந்து கத்தியது. நூற்று நாற்பத்தாறு படியும் அதே யோசனைதான். சொன்னால் என் மனைவியின் மருந்து போகும். சொல்லாவிட்டால் முதுகில் இருக்கிற உயிருக்கு என்ன ஆகுமோ? எனக்குப் பயம்தான் பெரிது. சொல்லிவிட்டேன்.

"ஞான் அந்நே பறஞ்ஞில்லே?" என்றார் கம்பவுண்டர், அன்றே சொன்னதில் ஜெயித்தவர் மாதிரி. "குப்பி ரெண்டும் இங்ஙு கொண்டு வா."

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "கொண்டு வர மாட்டேன். மருந்தப் பூட்டத் தெரிஞ்ச ஒங்களுக்கு, இது எந்த நோய்க்கு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாதுன்னு இந்த லயத்துல ஒரு ஆளுக்காவது சொல்லத் தோணுச்சா? சொல்லாம வச்சா பங்குதான் வப்பாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது அதான்."

அவர் அவளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார். கண் விழித்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். சாயந்திரம் வரை வைத்திருந்து இரண்டு தடவை பிரஷர் பார்த்தார். இரண்டாவது தடவை முகம் மாறியது. மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இவளும் உப்பைக் குறைக்க வேண்டும், இவளுக்கும் தினம் மாத்திரை வேண்டும் என்றார். அதை எடுக்க அலமாரியைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வாரத்துக்கானதைக் காகிதத்தில் மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். குப்பிகளைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

அவளை மேலே கொண்டுவந்து விட்டு, அன்று சாயந்திரமே ஆறு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். டாக்டர் எனக்குச் சொன்னது போல மெதுவாக, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தடவை. ஒருத்தர் மாத்திரை இன்னொருத்தருக்கு ஆகாது. யாருக்கு நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.

"அடுத்த தடவையும் என்னையத் தூக்குவீங்களாண்ணே?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி, படுத்தபடியே.

"தூக்குவேன்."

"அவ கனம் தெரிஞ்சுமா வாக்குக் குடுக்குறீங்க?" என்றாள் பாதிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி. லயமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.