செடிச் சாமியின் காய்ந்த இலை

அன்று பிற்பகல் மூன்றே காலுக்கு அத்தை கஷாயச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். தவறு அப்போதுதான் தொடங்கியது. அதுவரை இருந்தது வெறும் காய்ச்சல். நாலு வயதுத் தங்கைக்கு முந்தின நாளிலிருந்து உடம்பு கொதித்தது, அவ்வளவே.

எங்கள் ஊர் நாட்றாம்பாளையத்துக்கும் அப்பால், கர்நாடக எல்லையில், மலைக்காட்டை ஒட்டி இருந்தது. ஓடு வேய்ந்த மாதா கோவிலுக்கு அந்த வருடம் வந்த சாமியார் ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர். முன்பிருந்தவர்கள் சுவர் எழுப்பினார்கள், கிணறு வெட்டினார்கள். இவரோ பூசை முடிந்ததும் தகரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். நாங்கள் களை என்று பிடுங்கி எறிவதையெல்லாம் வேரோடு பத்திரமாகக் கொண்டுவருவார். ஊர் அவருக்குச் செடிச் சாமி என்று பெயர் வைத்தது. “நம்ம கொல்லைக்கும் ஒரு நாள் வரச் சொல்லுங்க, கூலி மிச்சம்” என்பார் அப்பா.

அவரைப் போல நிறையப் பேர் இருந்தார்கள் என்பது கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சூரியனின் புள்ளிகளை நாள் தவறாமல் வரைந்துவைத்த குருக்கள், நிலநடுக்கத்தை அளக்கக் கருவி வைத்துக் காத்திருந்தவர்கள், மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்துப் பரம்பரையின் விதியைக் கண்டுகொண்ட ஒரு துறவி. அந்த வரிசையில் ஒருவர் எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்திருந்தார். நாங்கள் அவரிடம் மழைக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பீடத்தைத் துடைப்பதும் கோவில் துணிகளைத் துவைப்பதும் அத்தையின் வேலை. பீடத்துக்குப் பின்னறையில் சாமியார் செடிகளைப் பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்குள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்திக் கட்டுவார். கட்டும்போது ஒவ்வொரு செடியின் பெயரையும் இலத்தீனில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். அத்தை சிறுமியாக இருந்தபோது பூசை முழுவதும் இலத்தீனில்தான் நடந்தது. ஒரு சாமியார் ஒரு செடியின் மேல் குனிந்து இலத்தீனில் முணுமுணுத்தால் அது மந்திரிப்பதல்லாமல் வேறென்ன? மாதா தேரில் சாத்திய பூவைப் பத்திரப்படுத்தி, காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். மந்திரித்த மூலிகை பூவைவிட எவ்வளவோ மேல் அல்லவா? சாமியார் காட்டுக்குப் போன நேரம் பார்த்து, கட்டிலிருந்து ஒரு செடியை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

தங்கை முகத்தைச் சுளித்துக் குடித்து முடித்தாள். சற்று நேரத்தில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் நலம் விசாரிக்க வந்தார். அத்தை பெருமையோடு விஷயத்தைச் சொன்னாள்.

“எங்கேர்ந்து எடுத்த?”

“பின்னறையில. பலகைக்கு நடுவுல.”

“அடிப்பாவி, அதுக்கு வெசம் பூசுவாங்க! பூச்சி அரிக்காம இருக்கணுமில்ல? சாமிகூடத் திருச்சி காலேஜுக்குச் செடி கொண்டுபோனப்ப என் கண்ணால பாத்தேன். பாட்டில்ல மண்டையோடு போட்டிருந்துது.”

“சாமி தொட்டதுல ஏது வெசம்?” என்று அத்தை அதட்டினாள். அதட்டியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா சாமியாரைத் தேடிக் காட்டுப் பாதையில் ஓடினார். தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்காக அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். நாங்களும் பின்னால் ஓடினோம். பஸ் வரவில்லை. வழியில் யானை நிற்பதாகச் சைக்கிளில் வந்தவர் சொன்னார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா “ஏனு ஆகல்ல, ஏனு ஆகல்ல” என்று அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் ஆகாது என்று சொன்ன அவள் குரல்தான் எல்லோரையும்விட அதிகமாக நடுங்கியது. அம்மா தங்கையின் வாயருகே முகத்தை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம் எனக்குப் போன வாரம்தான் புரிந்தது. ஓசூரில் எங்கள் வீட்டு பால்கனியில் அழகுக்காக வைத்திருந்த செடியின் இலையை என் சின்ன மகன் கடித்துவிட்டான். உதடு வீங்கி, பேச்சு வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நானும் அவன் வாயருகே முகத்தை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவன் நன்றாக இருக்கிறான், ஐஸ்கிரீம் கேட்டு நச்சரிக்கிறான்.

பொழுது சாயும்போது பஸ் வருவதற்கு முன்பே சாமியார் வந்துவிட்டார். அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி அவர் ஓடிவர, மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா பின்னால் வந்தார். வந்ததும் சாமியார் தங்கையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“பசிக்குது சாமி” என்றாள் தங்கை.

எந்தச் செடி என்று அத்தையிடம் அடையாளம் கேட்டுவிட்டு, சாமியார் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். “வெசம் பூசுறது திருச்சியிலங்க. இங்க இருக்கிறது வெறும் பேப்பர்ல காயவெச்ச தழை. துளசி ஜாதி. மலையில நானே மென்னு பாத்தேன், இதோ உசுரோடதான இருக்கேன்? காய்ச்சலுக்கு மட்டும் காலையில டாக்டரைப் பாத்துடுங்க.”

அம்மா அப்போதுதான் அழுதாள். அப்பா காரணமில்லாமல் சிரித்தார். கன்னடக்காரம்மா, நான் சொல்லவில்லையா என்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

சாமியார் எங்களோடு வீட்டுக்கு வந்து கஷாயச் சக்கையைக் கேட்டார். சட்டியிலிருந்து ஒவ்வொரு இலைத் துணுக்காக எடுத்துத் தாளில் பரப்பினார். உபதேசியார் குனிந்து பார்த்து மெல்லக் கேட்டார்: “சாமி, எந்தப் புத்தகத்துலயும் இல்லைன்னு வெளிநாட்டுக்கு எழுதினீங்களே, அந்தச் செடியா? வேற இருக்கா?” சாமியார் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. தங்கைக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் சக்கையை அப்படித் தேடுகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பூ இல்லாவிட்டால் ஒரு புதுச் செடிக்குப் பெயர் வைக்க முடியாது என்பதோ, அவர் கை ஏன் அவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

“இதுல பூ இருந்துதே, அம்மா?” என்று அத்தையைக் கேட்டார்.

“அதைக் கிள்ளி அடுப்புல போட்டுட்டேன் சாமி. பூவு கசக்குமேன்னு.”

அவர் தாளை மடித்துச் அங்கிப் பைக்குள் வைத்தார்.

“நல்ல வேலை செஞ்சீங்க” என்றார். “கசந்திருந்தா புள்ளை குடிச்சிருக்காது.”