தம்பிக்கு வைத்த பரீட்சை

கணக்கு டீச்சருக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள். பழைய மாணவன் எவனாவது தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பதற்கு முன் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்வாள். தாடி மீசை வைத்த ஆட்களெல்லாம் அவளைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நழுவியதுண்டு. அவளுக்குப் பயப்படாத ஒரே ஆள், லேத் பட்டறையில் வேலை பார்த்த தம்பி. "ஏன்க்கா, உன் வாயில கேள்வியைத் தவிர வேற ஒண்ணும் வராதா?" என்று சீண்டுவான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம்.

ஒரு நாள் பட்டறையில் மேலே அடுக்கியிருந்த இரும்புக் குழாய் ஒன்று உருண்டு அவன் தலையில் விழுந்தது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஐம்பது நாள் கழித்துத் தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் சீட்டில் தெளிவாக இருந்தது. அடிபட்ட மூளையோடு ஒருவன் வீட்டில் எப்படி வாழ்வது, அவனோடு மற்றவர்கள் எப்படி வாழ்வது என்று மருந்துக்குக்கூட ஒரு வரி இல்லை.

பார்க்க வந்தவர்கள் கையோடு பரீட்சையும் கொண்டுவந்தார்கள். "என்னை யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்!" சொன்னால் ஆரவாரம், சொல்லாவிட்டால் உச்சுக்கொட்டல். படுத்திருப்பவனைச் சோதிப்பதில் மனிதர்களுக்கு அப்படி என்ன ஆசையோ! நாலு பேர் வந்து போனால் அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். "பாக்க நல்லாத்தானே இருக்கான், எல்லாம் சோம்பல்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள்.

டீச்சரும் அதை நம்பினாள். போட்டுப் போட்டுப் பார்த்தால் வராத கணக்கே கிடையாது என்பது அவள் கொள்கை. பள்ளியிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் இருபது கேள்வி கேட்பாள். இன்று என்ன கிழமை, நீ எங்கே வேலை பார்த்தாய், இந்தப் போட்டோவில் இருப்பது யார். மதிப்பெண்ணை நோட்டில் எழுதிவைத்தாள். முதல் வாரம் பதினொன்று. அடுத்த வாரம் ஒன்பது. பிறகு ஆறு. மதிப்பெண் இறங்க இறங்க அவள் கேள்வியைக் கூட்டினாள், இருபது முப்பதானது.

கடைசிக் கேள்வி எப்போதும் "நான் யாரு?" என்பதுதான். ஆரம்பத்தில் "அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாவது மாதம் ஒரு மாலை, அரை மணி நேரம் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பதில் சொன்ன பிறகு, அவளையே வெறித்துப் பார்த்து "டீச்சர்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயது மனிதனை, தலையில் தையல் தழும்போடு உட்கார்ந்திருந்தவனை.

அடுத்த வாரம் அந்த நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். பிசியோதெரபி செய்யும் பெண் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது சோம்பல் இல்லீங்க. அடிபட்ட மூளை சீக்கிரம் களைச்சுடும். அப்புறம் தெரிஞ்சதுகூட வாயில வராது. ஊகிச்சுத் தப்பா சொல்ல விட்டீங்கன்னா அந்தத் தப்பே மனசுல உக்காந்துடும். கேக்காதீங்க, நீங்களே முதல்ல சொல்லிடுங்க. 'அக்கா வந்திருக்கேன்'னு."

சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மூன்று நிமிடத்தை ஏழு மாதமாக ஒருவரும் டீச்சருக்குத் தரவில்லை என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பரீட்சை நின்றது. டிவி ஓடும்போது பேச்சில்லை, ஒரு நேரத்தில் ஒரு பேச்சு, மதியம் கட்டாயத் தூக்கம். டீ போடும் முறையை வரிசையாக எழுதி அடுப்புக்கு மேல் ஒட்டினாள். ஒரே மாதத்தில் அவனே டீ போட்டான். "அக்கா" மட்டும் திரும்பி வரவில்லை. வாசலிலேயே "அக்கா வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாலும், எழுந்து நின்று "வாங்க டீச்சர்" என்பான்.

மாதம் ஒரு சனிக்கிழமை, இப்படித் தலையில் அடிபட்டவர்களின் வீட்டாரைப் பிசியோதெரபிப் பெண் ஒன்றாக உட்காரவைத்தாள். தான் பட்டதை இன்னொருவர் படக்கூடாது என்று டீச்சர் தவறாமல் போய்ப் பேசினாள். களைப்பு, சத்தம், ஓய்வு எல்லாவற்றையும் விளக்குவாள். அடித்ததை மட்டும் சொன்னதில்லை. ஊரே மரியாதை கொடுக்கும் முகம். அதைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பேக்கரிக்காரர் ஒருவர் வந்தார். மனைவி மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு, வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மடியில் கல்யாண ஆல்பம்.

"நான் விடறதே இல்லீங்க" என்றார் பெருமையாக. "காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போட்டோவா காட்டி யாருன்னு கேப்பேன். இப்பல்லாம் சொல்ல மாட்டேங்கறா, அழறா. பிடிவாதம். ரெண்டு அதட்டு போட்டா சரியாயிடும்."

ஏன் கேட்கக்கூடாது என்று டீச்சர் பொறுமையாக விளக்கினாள். அவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். இருபத்தாறு வருடமாக இந்தத் தலையாட்டலைப் பார்த்தவள் அவள். வீட்டுக்குப் போனதும் ஆல்பத்தைத் திறக்கத்தான் போகிறார். அதட்டு எதில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் என் தம்பியை அடிச்சுட்டேங்க" என்றாள்.

முப்பது கேள்வி, நோட்டு, கன்னத்தில் விட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் சங்கடத்தோடு ஆறுதல் சொல்லப் பார்த்தார். "ஒரே ஒரு தடவைதானே டீச்சர். அவருக்குத்தான் எதுவும் மனசுல நிக்காதே, மறந்திருப்பாரு."

"மறந்துட்டான். அடிச்சது சுத்தமா ஞாபகம் இல்ல. ஆனா பரண்ல இருந்து எதையாவது எடுக்க நான் கையைத் தூக்கினாக்கூட, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கறான். ஏன் மூடறோம்னு அவனுக்கே தெரியல."

"மன்னிப்புக் கேட்டுடுங்களேன்" என்றார் அவர்.

"தினமும் கேக்கறேன். 'எதுக்கு டீச்சர்?'ங்கறான். இப்படி அடிச்சுட்டேன்டான்னு சொன்னா, 'சேச்சே, நீங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டீங்க'ன்னு எனக்கே சமாதானம் சொல்றான்."