ஓடாத லேத்து

இரும்பு கடையும் அந்த லேத்து எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கிய அன்று தென்காசி முழுக்கச் சாரல். சாக்கால் சுற்றி, கயிறு கட்டி, லாரியிலிருந்து பலகைமேல் சறுக்கவிட்டு இறக்கினார்கள். சாக்கு விலகிய இடத்தில் பச்சை வண்ணமும் பளபளக்கும் இரும்பும் தெரிந்தன. அதில் தண்ணீர் படக்கூடாது என்று அண்ணன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். எட்டாம் வகுப்புத் தோழிகளோடு வராந்தாவில் நின்றிருந்த எனக்கு, அவன் கிழிந்த பனியனோடு அத்தனை பேர் நடுவில் நின்றது வெட்கமாக இருந்தது. அவனுக்கு அந்த நினைப்பே இல்லை.

பள்ளிக்கூடங்களில் பிளஸ் டூ வந்த புதிது, எழுபதுகளின் கடைசி. தொழிற்பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இரும்பைக் கடையவும் துளையிடவும் அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள், முடித்து வெளியே வந்ததும் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை நிச்சயம் என்று பேச்சு. அப்பா குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் பருவம் முடிந்து அருவி வற்றினால் எங்கள் வீட்டு அடுப்பும் பாதி வற்றிவிடும். அண்ணன் அந்தப் பிரிவில் சேரப்போவதாகச் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்.

“ஏலே, அது வருசம் பூரா உள்ள வேலையா?”

“இரும்புக்கு ஏதுப்பா சீசன்?” என்றான் அண்ணன். அப்பா சிரித்தார். எங்கள் ஊர் இலஞ்சியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

லேத்து வந்துவிட்டது, அதை ஓட்டும் மின்சாரம் வரவில்லை. பள்ளியில் இருந்தது விளக்குக்கும் விசிறிக்குமான இணைப்பு. லேத்துக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். மின்கம்பம் வந்ததும் கம்பி இழுத்துத் தருகிறோம் என்றார்கள் மின்வாரிய அலுவலகத்தில். தலைமையாசிரியர் பல தடவை போய்க் கேட்டார். அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? கம்பம் வரவில்லை. வாத்தியார் கரும்பலகையில் லேத்தை வரைந்து பாடம் நடத்தினார். பிறகு கோயம்புத்தூரில் மில் வேலை கிடைத்து அவரும் போய்விட்டார். கூடப் படித்தவர்கள் அந்த அறைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அண்ணன் மட்டும் சனிக்கிழமைதோறும் சென்று, சாரல் ஈரத்தில் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்தான்.

ஒரு சனிக்கிழமை சோற்றுத்தூக்கு கொண்டுபோனபோது அவன் பழகுவதைப் பார்த்தேன். இரும்புத் துண்டைக் கவ்விப்பிடிக்கும் ‘சக்’ என்ற பகுதியில் ஒரு தண்டைப் பூட்டி, வெறும் கையால் அதைச் சுழற்றினான். உளியை மெல்ல நகர்த்தினான். பிறகு தண்டின்மேல் விரலை ஓட்டி வழவழப்புப் பார்த்தான். சுழற்றுவான், நகர்த்துவான், விரலை ஓட்டுவான். கரண்ட் வந்தால் முதல் நாளே எல்லாரையும்விட நன்றாகச் செய்வேன் என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கரண்ட் வரவில்லை, தேர்வு வந்தது. செய்முறைத் தேர்வுக்குத் திருநெல்வேலியில் ஓடுகிற லேத்து உள்ள வேறொரு பள்ளிக்கு இவர்களை பஸ்ஸில் அனுப்பினார்கள். அம்மா அவனுக்கு விபூதி பூசிவிட்டாள். அப்பா அன்று அருவிக்கரைக்குப் போகவில்லை.

அங்கே நடந்ததைக் கூடப் போன கூட்டாளி சொல்லித்தான் தெரியும். சுவிட்சைப் போட்டதும் எழுந்த சத்தத்தில் மற்றவர்கள் பின்வாங்கினார்களாம். அண்ணன்தான் முதலில் போய் நின்றான். அளவு பார்த்துப் பூட்டினான், உளியை நகர்த்தினான், இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. தேர்வாளர் தலையசைத்தாராம். அப்போதுதான் அவன் வழவழப்புப் பார்க்க விரலை வைத்தான். ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. எழுத்துத் தேர்வில் அதை எழுதியிருக்கிறான். ஆனால் அவன் கைக்குத் தெரிந்தது ஓடாத லேத்துதான்.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் அப்பாவிடம் முதலில் சொன்னது, “கடைசல் சரியாத்தான்பா வந்துச்சு” என்பது. அப்பா அவன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேர்வில் பாஸ் போட்டுவிட்டார்கள். சான்றிதழோடு சங்கரன்கோவில், ராஜபாளையம், மதுரை என்று பட்டறை பட்டறையாகப் போனான். காகிதத்தை யாரும் பிரிக்கவில்லை, கையைப் பார்த்தார்கள். கடைசியில் அப்பா அவனை அருவிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார். ஒருவர் முதுகில் அவன் கை வைத்ததும் அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, “வேற ஆள் இல்லையா?” என்று கேட்டாராம். அப்பா அதற்குப் பிறகு அவனை அழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு கம்பம் வந்தது, மும்முனை இணைப்பும் வந்தது. ஆனால் கை போன கதை ஊருக்குள் பரவியிருந்ததால் அந்தப் பிரிவில் சேர ஆள் இல்லை. பிரிவை மூடி, அந்த அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டார்கள். அண்ணன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைகளுக்கு வெந்நீர் சுமக்கப் போனான். சாரல் இருந்தால் கூட்டம், கூட்டம் இருந்தால் வேலை. அப்பா சாகும்வரை அந்த லாட்ஜ் வழியாக நடக்கவில்லை, சுற்றித்தான் போவார்.

நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். போன ஆண்டு ஊருக்குப் போனபோது அவனைப் பார்க்க லாட்ஜுக்குப் போயிருந்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் வாளி தூக்குகிறான். அறை எடுத்திருந்த ஒரு பெரியவர் அவன் கையைக் கவனித்துவிட்டார். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறவராம்.

“எந்த மெஷின்லங்க போச்சு? லேத்தா?” என்று அக்கறையோடு கேட்டார்.

“மெஷினெல்லாம் என்னன்னே தெரியாது சார். பெறவியிலயே இப்படித்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூடப் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியும்.

“ஆமா” என்றேன்.