தொழுகை இல்லாத நாட்கள்

எங்கள் மகன் அழாமல் பிறந்தான்.

அப்போது கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதம். ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான், எழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை என்பது உறைத்தது. முந்தைய நாள் மாலை அசைந்தானா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

குரோம்பேட்டையில் நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் என் கணவர் என் கையைப் பிடித்தபடி உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். ஸ்கேன் செய்த டாக்டரம்மா வழக்கம்போல் திரையை என் பக்கம் திருப்பவில்லை.

“துடிப்பு இல்லம்மா” என்றார்.

ஊசி போட்டு வலி வரவழைத்து, மறுநாள் மதியம் பிரசவமானது. அறைக்குள் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். தலை நிறைய முடி. காதின் மேல்விளிம்பு அவன் அத்தாவுக்கு இருப்பதுபோலவே கொஞ்சம் மடிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது, என்னுடைய சூடு.

கணவரும் என் அண்ணனும் அவனை எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் கணவர் மட்டும் திரும்பி வந்தார். கால்சட்டை விளிம்பில் செம்மண் ஒட்டியிருந்தது.

“தொழ வச்சீங்களா?” என்று கேட்டேன்.

“பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டேன். பொறந்ததும் ஒரு சத்தமாவது குடுத்திருந்தா, அடக்கறதுக்கு முன்னால ஜனாஸா தொழுகை உண்டாம். இல்லன்னா குளிப்பாட்டி, துணியில சுத்தி அடக்கிடணும். அவ்ளோதானாம்.”

“தொழுகையே இல்லாமலா?”

“சட்டம் அப்படிம்மா. சொல்லும்போது அவரே கண் கலங்கிட்டாரு.”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக்கொள்ளத் திண்டுக்கல்லிலிருந்து மாமியார் வந்தார். முதல் நாள் அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டபோது பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன். “உனக்கு நாப்பது நாளைக்குத் தொழுகை இல்லம்மா, படு” என்றார். பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்கும்வரை தொழுகை கிடையாது. பிள்ளை பிழைத்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. அவனுக்கும் தொழுகை இல்லை, எனக்கும் தொழுகை இல்லை.

பதின்ம வயதிலிருந்து நான் ஐந்து வேளையும் தொழுகிறவள். பள்ளியில் மதிய இடைவேளை முடியும் மணிக்கு முன்னால் ஸ்டாஃப் ரூமின் மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் லுஹர் தொழுதுவிட்டு, ஈரம் காயாத கையோடு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுவேன். எவனுக்கு முன்னால் நிற்கிறேன் என்று நிதானமாக யோசித்த தொழுகை எத்தனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல் தேய்ப்பதுபோல அது ஒரு வேலை. விட்டால் என்னவோபோல இருக்கும், செய்தால் மறந்துபோகும்.

இப்போது பாங்கு கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இறைவன் முன்னால் போய் நில் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பயந்தேன்.

என் கணவரோ ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பித்தார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமையும், நேரம் கிடைத்த வேளையும்தான். இப்போது விடியற்காலையில் சுபுஹுக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். வேலை முடிந்து வருபவர் பையை வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார். இவருக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும். மாமியார் அவர் தொப்பியைத் துவைத்து மடித்து வைப்பதைப் பார்த்தால்கூட எரிச்சல்.

நாற்பது முடிந்தது. குளித்து வந்தபோது மாமியார் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து, என் வெள்ளைத் துப்பட்டியை அதன்மேல் வைத்திருந்தார். உடுத்திக்கொண்டு நின்றேன். கையைக் கட்டினேன். அல்ஹம்து ஓத வேண்டும். குர்ஆனின் அந்த முதல் அத்தியாயம் புகழ்ச்சியில் தொடங்குவது. வாய் திறக்கவில்லை. எதற்காகப் புகழ்வது? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் உள்ளே போனார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது தெரிந்தது.

அவர் ஊருக்குத் திரும்பிய அன்று மாலை, கணவர் தொப்பியை எடுத்தபோது கேட்டேவிட்டேன்.

“எப்படிங்க உங்களால முடியுது? நம்ம புள்ளைக்கு ஒரு தொழுகைகூடக் கிடைக்கல. நீங்க ஒரு வேளை விடாம போய் நிக்கிறீங்க.”

“நீ தொழறதில்லன்னு அம்மா சொன்னாங்க.”

“ஆமா. என்னால முடியல. உங்களுக்கு வலிக்கவே இல்லியா?”

அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போயிற்று.

“நான் அங்க போயி என்ன பண்றேன்னு நினைக்கிற? கடைசி வரிசையில தூணோரமா உக்காந்திருப்பேன். எல்லாரும் குனிஞ்சா குனியறேன், எழுந்தா எழறேன். வீட்டுக்கு வந்தா உன் மொகத்தப் பாக்கணும். அதுக்குப் பயந்துகிட்டுதான் அங்கயே உக்காந்திருக்கேன். அவன நான்தானே குழிக்குள்ள எறக்கினேன். அதப்பத்தி நீ கேப்பியோன்னு தெனமும் பயம்.”

இத்தனை நாளும் அவருடைய பக்தி என்று நினைத்து நான் கோபப்பட்டது இதன்மேல்தான். எழுந்து போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழி எப்படி இருந்தது, மண் ஈரமா, கூட யார் நின்றார்கள் என்றெல்லாம் அப்போதுதான் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். பேசி முடிப்பதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

“இன்னிக்குப் போகல. இங்கயே தொழலாமா? நீ பின்னால சும்மா நில்லு. ஒண்ணும் ஓத வேணாம், நான் ஓதறேன்” என்றார்.

முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு அவர் பின்னால் நின்றேன். அவர் சத்தமாக ஓத ஆரம்பித்தார். இறைவனின் அருளைச் சொல்லும் இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஓதினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. தோள் குலுங்கியது. தொழ வைப்பவர் திணறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னால் என்னைத் தவிர யாரும் இல்லை.

எனக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை. அவருக்காகத்தான் சொன்னேன். அளவில்லாத அருளுடையவன் என்ற அந்தச் சொல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டைப்போலச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஓதினார்.

சஜ்தாவில் நெற்றியை வைத்ததும் எனக்குள் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கொட்டிற்று. ஏன் எடுத்தாய்? ஒரே ஒரு சத்தம் போட விட்டிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோகும்? நாவால் சொல்லவில்லை, மனசுக்குள் கத்தினேன். அதுவரை நான் செய்த அத்தனை சஜ்தாவிலும் கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அவ்வளவு உறுதியாக உணர்ந்ததில்லை. இல்லாதவனிடம் அப்படிச் சண்டை போட முடியாது.

மறுநாளிலிருந்து தொழுதேன். வேலைக்குத் திரும்பியபின் ஸ்டாஃப் ரூம் மூலையில் பழையபடி அவசரமாகத் தொழ முடியவில்லை. எழுந்திருக்க நேரமாகி, சில நாள் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுக் கேட்டார். நேரமாகிவிட்டது மேடம் என்றேன்.

அதன்பின் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் ஆரம்பத்திலேயே கலைந்தது. ஒவ்வொரு முறையும் உதிரப்போக்கால் தொழுகை நின்றது. ஆனால் பழைய நிம்மதி வரவில்லை. பாங்கு கேட்கும்போது, பேச வேண்டியவர் வாசலில் வந்து நிற்க, நான் எழுந்து போக முடியாமல் கிடப்பதுபோலத் தவிப்பாக இருக்கும். குளித்ததும் முதல் வேலையாக முசல்லாவை நானே எடுத்து விரித்தேன்.

இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறோம். என்ன கேட்டேனோ அது கிடைக்கவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை. சில வேளை சலாம் கொடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்க மனம் வராது. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், கணவர் போய் அடுப்பை அணைப்பார். நான் இறைவனிடம் இன்னும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.